‘ப்ரீச்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? அது மதிப்பான சொல்லா, பழிக்கும் சொல்லா?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ‘ப்ரீச்’ என்றால் பிரசங்கம் செய்வது என்று அகராதி சொல்கிறது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் இன்னொருவரிடம் ‘டோன்ட் ப்ரீச் அட் மீ’ என்று எரிந்து விழுந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். தேவாலயத்துக்குப் போகும் உங்கள் நண்பரோ அதே சொல்லை மரியாதையோடு பயன்படுத்துகிறார். இந்த இரண்டில் எது அசல் பொருள் என்பது ஒன்று. பள்ளி ஆசிரியர் ஒருவர் ‘ப்ரீ’, ‘டீச்’ இரண்டும் சேர்ந்ததே ‘ப்ரீச்’ என்றும், முன்கூட்டியே கற்பிப்பது என்பதே பொருள் என்றும் சொன்னாராம். அது சரியா என்பது இரண்டாவது. தேவாலய உரைகளைக் குறிக்கும் ‘செர்மன்’, ‘ஹோமிலி’ ஆகியவையும் இதுவும் ஒன்றுதானா என்பது மூன்றாவது. முதல் கேள்விதான் உண்மையில் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அந்த வழியிலேயே கிடைத்துவிடும்.

நான் ஆங்கில மொழி வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்தவன். அதற்கு வேண்டிய அளவு இலத்தீனும் பழைய பிரெஞ்சும் படித்திருக்கிறேன். கிரேக்கத்தையும் சமஸ்கிருதத்தையும் அகராதிகளின் துணையோடுதான் அணுகுவேன். ஆகவே அந்த இரண்டையும் பற்றி, மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் அறிஞர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்டவற்றை மட்டுமே இங்கே சொல்கிறேன். சுருக்கமான விடை இது: ‘ப்ரீச்’ என்பதன் அடியில் இருப்பது அறிவுரையும் அல்ல, கற்பித்தலும் அல்ல. பலர் முன்னிலையில் உரக்க அறிவித்தல் என்பதே அதன் முதற்பொருள். அறிவுரை என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல் வந்த பாதையைப் பின்னோக்கிப் பார்ப்போம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவை, நீதிமன்றம், திருச்சபை ஆகிய மூன்றிலும் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. அப்படி வந்ததுதான் ‘ப்ரெஎச்சியேர்’ என்ற பழைய பிரெஞ்சு வினை. 1200-ஐ ஒட்டி இது ஆங்கில எழுத்துகளில் ‘ப்ரேச்சென்’ என்று தலைகாட்டுகிறது. பிற்காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தபோது ‘ப்ரேச்’ என்ற ஒலி ‘ப்ரீச்’ ஆயிற்று. ‘டீச்’ என்ற சொல்லும் இதே வழியில் ‘டேச்’ என்பதிலிருந்து வந்தது. இரண்டும் இன்று ஒரே ஓசையில் முடிவதற்கு இதுதான் காரணம். கடைசியில் நிற்கும் ‘ச்’ என்ற மெய், இந்தச் சொல் எந்தக் காலத்தில் கடன் வாங்கப்பட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. நார்மன் காலத்துப் பிரெஞ்சில் இந்த இடத்தில் ‘ச்’ ஒலித்தது. பிறகு அது ‘ஷ்’ ஆகத் தேய்ந்தது. இன்றைய பிரெஞ்சுக்காரர் ‘ப்ரெஷே’ என்றுதான் சொல்வார். முன்பே கடன் வாங்கிய ‘சீஃப்’ என்ற சொல்லில் ‘ச்’ இருப்பதும், பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ‘ஷெஃப்’ என்ற சொல்லில் ‘ஷ்’ இருப்பதும் இதனால்தான். அவை இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்.

பிரெஞ்சு இதை இலத்தீனிலிருந்து பெற்றது. அங்கே அதன் வடிவம் ‘ப்ரைதிகாரே’. நடுவில் இருந்த ‘த்’ பிரெஞ்சில் மறைந்தது. உயிர்களுக்கு நடுவே நின்ற ‘த்’ அந்த மொழியில் பொதுவாகவே தேய்ந்து போயிற்று. ‘வீதா’ என்ற இலத்தீன் சொல் ‘வீ’ ஆனதும் அப்படித்தான். ‘கா’ என்ற ஒலி ‘ச’ வரிசைக்கு நகர்ந்தது. குதிரையைக் குறித்த ‘கபல்லுஸ்’ இன்று ‘ஷெவால்’ ஆகியிருப்பதும் அதே விதியால்தான். ஆக, ஒவ்வொரு ஒலிமாற்றத்துக்கும் அதே மாற்றத்தைக் காட்டும் வேறு சொற்கள் சான்றாக நிற்கின்றன. சொற்பிறப்பு ஆய்வில் ஓசை ஒற்றுமை போதாது. மாற்றம் ஒழுங்காக நிகழ்ந்திருக்க வேண்டும். ‘ப்ரீ’யும் ‘டீச்’சும் சேர்ந்தது என்ற விளக்கம் விழுந்துபோவது இங்கேதான்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் ஒன்று அடுத்து வருகிறது. தமிழருக்கு அங்கே வழுக்கத் தேவையில்லை. இலத்தீனில் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு வினைகள் உண்டு. ஒன்று ‘ப்ரைதிகாரே’: பலர் அறியச் சொல்லுதல். மற்றொன்று ‘ப்ரைதீகெரே’: வரப்போவதை முன்னறிவித்தல். ‘ப்ரெடிக்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டாவதிலிருந்து வந்தது. ‘நான் அறிவிக்கிறேன்’ என்பதற்கு ‘ப்ரைதிகோ’. ‘நான் முன்னுரைக்கிறேன்’ என்பதற்கு ‘ப்ரைதீகோ’. வேறுபாடு ஒரு குறிலும் ஒரு நெடிலும்தான். ரோமானியர்கள் வழக்கமாக எழுதும்போது நெடிலைத் தனியே குறிப்பதில்லை. ஆகவே ஏட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நம் எழுத்தில் ‘தி’யும் ‘தீ’யும் வெவ்வேறு. அதனால் இதை ஆங்கில நூல்களைவிடத் தெளிவாக நாம் காட்டிவிடலாம். பிரசங்கம் செய்வதற்கும் தீர்க்கதரிசனம் சொல்வதற்கும் மூலத்திலேயே ஒரே வினை என்று யாராவது சொன்னால் அது பிழை. இரண்டும் உறவுள்ள சொற்கள். ஒரே சொல் அல்ல.

‘ப்ரை’ என்ற முன்னொட்டு ‘முன்’ என்பதைக் குறிக்கும். தமிழில் ‘முன்’ என்ற சொல்லுக்கு உள்ள இரட்டைப் பொருள் அதற்கும் உண்டு. ‘அவை முன் சொன்னான்’ என்றால் இடம். ‘முன்பே சொன்னான்’ என்றால் காலம். ‘ப்ரைதீகெரே’ என்பதில் இருப்பது காலத்தைக் குறிக்கும் ‘முன்’. ‘ப்ரைதிகாரே’ என்பதில் இருப்பது இடத்தைக் குறிக்கும் ‘முன்’. எதிரே நிற்கும் மக்கள் முன்னிலையில், திறந்த வெளியில் என்று பொருள். உங்கள் ஆசிரியர் சொன்ன ‘முன்கூட்டியே’ என்பது தவறான ‘முன்’னைப் பிடித்துக்கொண்டதால் வந்த விளக்கம்.

கிறித்தவம் பரவுவதற்கு முன்பே இந்த வினை ரோமில் அன்றாட வழக்கில் இருந்தது. அப்போது அதில் மத வாசனையே இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் தன் போர்க் குறிப்புகளில் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு மக்களைப் பற்றி எழுதும்போது, தாங்கள் அனைவரும் ‘தீஸ்’ என்ற தெய்வத்தின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறார். அந்தச் ‘சொல்லிக்கொள்கிறார்கள்’ என்ற இடத்தில் நிற்பது இதே வினைதான். பறைசாற்றிக்கொள்வது, பெருமையாக வெளியே சொல்வது என்ற நிறம் அதில் தெரிகிறது. ஒருவரைப் பலரறியப் புகழ்வதற்கும் இதே வினை பயன்பட்டது. ரோமில் ‘ப்ரைகோ’ என்றோர் ஊழியர் இருந்தார். மக்கள் கூடும் இடங்களில் அறிவிப்புகளைக் கூவுவது, ஏலத்தில் விலை கூறுவது, நீதிமன்றத்தில் பெயர் சொல்லி அழைப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய பெயரும் ‘ப்ரைதிகாரே’யும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று பல அகராதிகள் சொல்கின்றன. எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் ஒலி வழியில் இடைப்பட்ட வடிவம் எங்கும் எழுத்தில் கிடைக்கவில்லை. ஆகவே இதை உறுதியான செய்திகளின் வரிசையில் வைக்காமல், பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடிய ஊகமாகவே வைக்கிறேன்.

மதம் உள்ளே வந்தது மொழிபெயர்ப்பின் வழியாக. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் ‘கெருஸ்ஸோ’ என்ற வினையைப் பயன்படுத்தினார்கள். ‘கெருக்ஸ்’ என்றால் அரசனின் செய்தியை எடுத்துச் சென்று உரக்க அறிவிப்பவன். ஹோமரின் காவியங்களிலேயே அந்த ஊழியன் வருகிறான். நம் மணிமேகலையின் முதற்காதையான விழாவறை காதையில், யானையின் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை ஊருக்கு அறிவிப்பவனை நினைத்துக்கொண்டால் அந்தப் பதவியின் தன்மை விளங்கும். சொல்லும் செய்தி அவனுடையது அல்ல. அதைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்கு உரிமை இல்லை. எல்லோர் காதிலும் விழச் செய்வதே அவன் கடமை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் நற்செய்திகளைத் திருத்திச் செப்பம் செய்த ஜெரோமின் பதிப்பில், இந்தக் கிரேக்க வினைக்கு ஈடாகப் பெரும்பாலும் நிற்பது ‘ப்ரைதிகாரே’தான்.

ஒரே ஒரு வசனத்தை எடுத்துப் பார்த்தால் முழு வரலாறும் தெரியும். மாற்கு நற்செய்தி 16-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம். உலகெங்கும் போய் நற்செய்தியை அறிவியுங்கள் என்ற கட்டளை. கிரேக்கத்தில் ‘கெருக்ஸாதே’, இலத்தீனில் ‘ப்ரைதிகாதே’. பத்தாம் நூற்றாண்டின் பழைய ஆங்கில நற்செய்திகளில் ‘போதியத்’. பதினான்காம் நூற்றாண்டின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பில் ‘ப்ரேச்’, 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலப் பதிப்பில் இன்றைய ‘ப்ரீச்’. தமிழில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்’ என்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் ‘நற்செய்தியைப் பறைசாற்றுங்கள்’ என்கிறது. என் கருத்தில் இந்த வசனத்தைப் பொறுத்தவரை ‘பறைசாற்றுங்கள்’ என்பது மூலத்துக்கு மிக நெருக்கமானது. பறை ஒலியும் அறிவிப்பும் அந்த ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கின்றன. ‘பிரசங்கியுங்கள்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மேடை, ஒலிபெருக்கி, நீண்ட உரை. ‘பறைசாற்றுங்கள்’ என்றால் தெரு.

மேலே சொன்ன ‘போதியத்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் உங்களுக்கு எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? அதன் வினை ‘போதியன்’. அறிவித்தல், செய்தி சொல்லுதல் என்பது பொருள். ‘போதா’ என்றால் தூதன். பிரெஞ்சிலிருந்து ‘ப்ரேச்’ வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் பிரசங்கத்துக்குப் பயன்படுத்திய சொந்தச் சொல் இதுவே. இலத்தீனிலிருந்து நேரே எடுத்த ‘ப்ரெதிசியன்’ போன்ற வடிவமும் இருந்தது. ஆனால் அது வேரூன்றவில்லை. ‘போதியன்’ பின்னர் தன் இடத்தை இழந்து ‘போட்’, ‘ஃபோர்போடிங்’ போன்ற சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அவை பெரும்பாலும் வரப்போகும் கெடுதியின் அறிகுறியைக் குறிப்பவை. இந்தப் ‘போதியன்’ என்பதற்கும் சமஸ்கிருதத்தின் ‘புத்’ என்ற வேருக்கும் மூலம் ஒன்று. விழிப்புறுதல், அறியச் செய்தல் என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேர் அது; சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் எல்லாம் அந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த சமஸ்கிருத வேரிலிருந்துதான் புத்தர், போதி, போதனை எல்லாம் வந்தன. நம் தமிழ்ச் சபைகளில் ‘போதகர்’ என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் ஆங்கிலம் மறந்துவிட்ட ‘போதா’வுக்கும் உறவு உண்டு. தமிழுக்கு அது சமஸ்கிருதம் வழியாக வந்த கடன் என்பதை மறக்கக் கூடாது. தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைச் சான்றாக யாராவது காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

‘ப்ரீச்’ என்பதற்கும் இப்படி ஓர் உறவு நம்மிடம் இருக்கிறது. ‘ப்ரைதிகாரே’ என்பதன் பிற்பகுதியான ‘திகாரே’, சொல்லுதல் என்ற பொருளுள்ள ‘தீகெரே’ என்பதன் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் அடியில் ‘சுட்டிக் காட்டுதல்’ என்ற பொருளுள்ள ஒரு தொன்மையான வேர் இருக்கிறது. அதுவே சமஸ்கிருதத்தில் ‘திஶ்’ ஆயிற்று. திசை என்ற சொல்லும், அருகிருந்து காட்டுவது என்ற அமைப்புடைய உபதேசம் என்ற சொல்லும் அதன் பிள்ளைகள். ஆக, ‘ப்ரீச்’ என்பதை ‘உபதேசம்’ என்று மொழிபெயர்க்கும்போது நாம் அறியாமலேயே ஒரே வேரின் இரண்டு கிளைகளை எதிரெதிரே வைக்கிறோம். உங்கள் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் இதிலேயே இருக்கிறது. ‘டீச்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே சுட்டும் வேரிலிருந்து ஜெர்மானிய மொழிகளின் வழியாக வந்தது. அவர் ‘ப்ரீச்’ என்ற சொல்லைத் துண்டித்த இடம் தவறு. ‘டீச்’ என்பது அதன் தூரத்து உறவு என்பது உண்மை. ஒன்று பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றது ஆங்கிலத்தின் பிறப்புரிமை. இந்த வேர்கள் எவையும் எழுத்தில் கிடைத்தவை அல்ல, பல மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தவை. ஆனாலும் இந்த இரண்டு வேர்களைப் பற்றியும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இனி உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். அறிவிப்பைக் குறித்த சொல் எப்படி எரிச்சலூட்டும் அறிவுரையைக் குறிக்கத் தொடங்கியது? ஒரு காரணம் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. 1611 பதிப்பில் ‘ப்ரீச்’ என்ற ஒரே சொல் கிரேக்கத்தின் பல வினைகளைச் சுமக்கிறது. தூதனைப் போல் கூவி அறிவிப்பதற்கும் ‘ப்ரீச்’, நற்செய்தி சொல்வதற்கும் ‘ப்ரீச்’. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில், துரோவா பட்டணத்தின் மேல்வீட்டில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற இளைஞன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அங்கே கிரேக்கத்தில் இருப்பது ‘தியாலெகோமாய்’ என்ற வினை. ‘டயலாக்’ என்ற சொல்லின் உறவு அது. உரையாடுவது, விவாதிப்பது என்று பொருள். ஆங்கிலம் அதையும் ‘ப்ரீச்’ ஆக்கியது. இப்படிப் பல பொருள்களை ஒரே சொல்லின் தலையில் ஏற்றியதால், மதம் சார்ந்து ஒருவர் நின்று பேசும் எதுவும் ‘ப்ரீச்’ என்றாகிவிட்டது. பிற்காலத்து ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல, அந்த இடத்தில் ‘பேசினார்’ என்று மாற்றியிருக்கின்றன.

மற்றொரு காரணம் வரலாறு. இதில் என் ஊகம் கலந்திருக்கிறது. ஆகவே அதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு என்பது அதைக் கேட்டிராதவர்களுக்குத்தான் அறிவிப்பு. இடைக்கால இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லோரும் பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களிடம் வாரந்தோறும் நின்று பேசுபவருக்குச் சொல்லப் புதிய செய்தி இல்லை. அவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் மிச்சம். செய்தி பழகிப்போன இடத்தில் அறிவுரை வந்து உட்கார்ந்தது. சொல்லின் பொருள் அறிவித்தலிலிருந்து அறிவுறுத்தலுக்கு நகர்ந்ததன் மூலகாரணம் இதுவே என்று நான் நம்புகிறேன். இதை ஒலிமாற்ற விதியைப்போல் நிரூபிக்க முடியாது.

நிரூபிக்கக்கூடிய செய்திகள் இவை. 1216-இல் திருத்தந்தை மூன்றாம் ஹோனோரியுஸ் அங்கீகரித்த தொமினிக்கன் சபையின் அதிகாரபூர்வப் பெயரே ‘அறிவிப்போர் சபை’ என்ற பொருளுடையது. அதில் இருப்பது இதே இலத்தீன் சொல்தான். பிரசங்கம் ஒரு தனித் தொழிலாக, பயிற்சி தேவைப்படும் கலையாக மதிக்கப்பட்ட காலம் அது. அதே அளவுக்கு அது அஞ்சப்பட்டது. திருச்சபையைக் கண்டித்த ஆங்கில இறையியலாளர் விக்ளிஃபின் சீடர்கள் ஊர் ஊராகப் பேசத் தொடங்கியதும், அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது என்று 1401-இல் சட்டம் வந்தது. 1409-இல் கேன்டர்பரி பேராயர் தாமஸ் அருண்டெல் அந்தக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கினார். 1547-இல் ஆங்கிலத் திருச்சபை பன்னிரண்டு உரைகளைக் கொண்ட ஒரு தொகுப்பை அச்சிட்டது. சொந்தமாகப் பிரசங்கிக்கத் தகுதியோ உரிமையோ இல்லாத குருக்கள் அவற்றை அப்படியே வாசித்தால் போதும். திறந்த வெளியில் கூவுவதைக் குறித்த சொல், உரிமம் பெற்றவர் உயரமான மேடையிலிருந்து கீழே இருப்பவர்களிடம் பேசுவதைக் குறிக்கத் தொடங்கியது. மேலிருந்து பேசுகிறார் என்ற மனக்குறை இந்தச் சொல்லில் படிந்ததற்கு அந்த மேடையின் உயரமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதிப்பும் ஐயமும் அந்தக் காலத்திலேயே ஒன்றாக இருந்ததை ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் பார்க்கலாம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அந்த நூலில் ஏழைப் பங்குக் குரு ஒருவர் வருகிறார். அவர் கிறிஸ்துவின் நற்செய்தியை உண்மையாக ‘ப்ரேச்’ செய்வார், தம் மக்களுக்குப் பக்தியோடு ‘டேச்’ செய்வார் என்று இரண்டு சொற்களையும் இயைபாக அமைத்துப் பாடுகிறார் சாசர். தாமே செய்து காட்டிவிட்டுப் பிறகு கற்பிப்பவர் என்றும் அவரைப் புகழ்கிறார். அதே பயணத்தில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன் ஒருவனும் வருகிறான். பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்று ஊரெங்கும் பிரசங்கம் செய்து, அந்தப் பிரசங்கத்தாலேயே பணம் பறிப்பவன் அவன். நம் ஊரில் ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று சொல்வோமே, அதற்கு உருவம் கொடுத்ததுபோல் அவனைப் படைத்திருக்கிறார்.

ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் மூன்றாம் பாகத்தில், சிறைப்பட்ட யார்க் கோமகனை மார்கரெட் அரசி ஏளனம் செய்யும்போது, தன் உயர்குலப் பெருமையை வைத்து ‘ப்ரீச்மென்ட்’ நடத்தியவன் நீதானே என்கிறாள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தச் சொற்குடும்பத்தில் இகழ்ச்சி குடியேறிவிட்டது என்பதற்கு அது தெளிவான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ப்ரீச்சி’ என்ற பெயரடை வந்தது. அதில் நல்ல பொருள் துளிகூட இல்லை. தமிழிலும் இதே சரிவு நடந்திருக்கிறது. ‘பிரசங்கி’ மதிப்புக்குரியவர், ‘அதிகப்பிரசங்கி’ யாரும் விரும்பாத பட்டம்.

ஆனால் சரிவு மட்டுமே இந்தச் சொல்லின் கதை அல்ல. 1739 ஏப்ரல் 2-ஆம் தேதி, பிரிஸ்டல் நகரின் ஓரத்தில் ஒரு சிறு மேட்டில் ஏறி நின்று, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி சுமார் மூவாயிரம் பேரிடம் பேசினார். எண்ணிக்கை அவருடைய நாட்குறிப்பில் உள்ளது. தேவாலயத்துக்கு வெளியே பேசுவது தரக்குறைவு என்று நினைத்திருந்த கல்விமான் அவர். அதனால்தான் இன்னும் இழிவுபடச் சம்மதித்தேன் என்று எழுதி, நெடுஞ்சாலைகளில் நற்செய்தியை ‘அறிவித்தேன்’ என்கிறார். கேட்க வந்தவர்களில் பலர் ஆலயத்துக்குள் கால் வைக்காதவர்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே புதிய செய்தி. சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பிய தருணங்களில் இதை முக்கியமானதாக நான் கருதுகிறேன். அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய தேவாலயங்களில், பிரசங்கியார் உள்ளத்தைத் தொடும்படி ஒன்றைச் சொன்னால் சபையார் ‘ப்ரீச்!’ என்று குரல் கொடுப்பார்கள். சரியாகச் சொன்னீர்கள், நிறுத்தாதீர்கள் என்று பொருள். இன்று சமூக ஊடகங்களில் இளைஞர்கள் ஒருவர் கருத்தை ஆமோதிக்க இதே சொல்லைப் போடுவது அங்கிருந்து வந்ததுதான். அங்கே அது முழுக்கப் பாராட்டு.

‘செர்மன்’, ‘ஹோமிலி’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டும் பெயர்ச்சொற்கள், இரண்டுமே தொடக்கத்தில் உரையாடலைக் குறித்தவை. ‘செர்மோ’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சாதாரணப் பேச்சு என்றே பொருள். கோத்தல், தொடுத்தல் என்ற வினையிலிருந்து அது வந்தது என்று ரோமானிய அறிஞர் வர்ரோவே எழுதியிருக்கிறார். இன்றைய அறிஞர்களில் பலர் அதை ஏற்கிறார்கள். முடிந்த முடிவு என்று சொல்ல நான் தயங்குவேன். ‘ஹோமிலியா’ கிரேக்கம், கூடிப் பழகுதல், பேசிக்கொள்ளுதல் என்று பொருள். கத்தோலிக்க வழிபாட்டில் அன்றைய வாசகங்களை ஒட்டிக் குரு தரும் சிறு விளக்கம் ‘ஹோமிலி’, தமிழில் மறையுரை. ஆக, ‘ப்ரீச்’ செயல், ‘செர்மன்’ அந்தச் செயலில் பிறக்கும் உரை. மேடையைக் குறிக்கும் ‘புல்பிட்’ ரோமில் நடிகர்கள் ஏறிய மேடையின் பெயர்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது மாணவர்களுக்கு உதவும். ‘ப்ரைதிகாரே’ ஆங்கிலத்துக்குள் இன்னொரு முறை, நேரடியாக இலத்தீன் ஏடுகளிலிருந்து நுழைந்தது. இலக்கணத்தில் ‘ப்ரெடிகேட்’ என்கிறோமே, பயனிலை, அது இதே சொல். எழுவாயைப் பற்றி அறிவிக்கப்படுவது என்பதால் அந்தப் பெயர். டச்சு மொழியில் சீர்திருத்தச் சபைக் குருவுக்கு ‘ப்ரெதிகாந்த்’ என்று பெயர். 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் அங்கே பணியாற்றி, 1672-இல் இலங்கையையும் மலபார், சோழமண்டலக் கரைகளையும் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட பிலிப்பஸ் பால்தேயஸ் அப்படிப்பட்ட ஒருவர்.

மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லை எதிர்கொள்ளும்போது அதன் பின்னால் வரும் இடைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ப்ரீச் டு’ என்றால் பெரும்பாலும் நடுநிலை: மக்களுக்குப் பிரசங்கித்தார். ‘ப்ரீச் அட்’ என்றால் எப்போதும் குறை: கேட்பவர் விரும்பாமல் அவர் மேல் திணிக்கப்படும் பேச்சு. நீங்கள் அலுவலகத்தில் கேட்டதை ‘எனக்குப் பிரசங்கம் செய்யாதே’ என்பதைவிட ‘எனக்கு உபதேசம் பண்ண வராதே’ என்று எழுதினால் அந்த எரிச்சல் தமிழில் வரும். ‘ப்ரீச்’ என்பதை அடுத்து நற்செய்தி, அமைதி, விடுதலை போன்ற ஒன்று செயப்படுபொருளாக நின்றால் ‘அறிவித்தார்’ அல்லது ‘பறைசாற்றினார்’ என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பேசியதைச் சொல்வதானால், சீர்திருத்தச் சபையார் வாயில் ‘பிரசங்கம் செய்தார்’, ‘செய்தி கொடுத்தார்’. கத்தோலிக்கர் வாயில் ‘மறையுரை ஆற்றினார்’. உங்கள் நண்பர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டுக்கொண்டு, அவர் வீட்டில் வழங்கும் சொல்லையே போடுங்கள்.